மூடிய கை

மகள் வரிசையில் வருவதை அவள் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை. பள்ளிக்குள் அவர்கள் தாயும் மகளும் அல்ல. வெளிக் கேட்டைத் தாண்டியதும் மகள் அவளை 'மிஸ்' என்பாள், 'நீங்க' என்பாள். வீட்டுக்குப் போனதும் அம்மா, நீ, எனக்குப் பசிக்குது.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பள்ளிச் சிற்றாலயத்தில் பூசை. மேல் வகுப்புகள் எல்லாம் வந்தாக வேண்டும். ஃபாதர் ஒருவரே எல்லோருக்கும் நன்மை, அதாவது மந்திரித்த அப்பம், கொடுத்து முடிக்க முடியாது. அதனால் ஆயரிடம் அனுமதி வாங்கி, அவளும் வலது பக்கம் ஒரு கிண்ணத்துடன் நிற்பாள். ஃபாதர்தான் பள்ளியின் பிரின்சிபல். அவள் வைஸ் பிரின்சிபல். கணக்கும் எடுப்பாள். பிள்ளைகளுக்கு வைஸ் மிஸ். முதுகுக்குப் பின்னால் 'ஸ்கேல்'. அடிப்பதால் வந்த பெயர் இல்லை. வளையாததால் வந்தது.

"கிறிஸ்துவின் திருவுடல்."

"ஆமென்."

அப்பத்தைக் கையில் வாங்குகிறவர்கள் ஓரடி தள்ளி நின்று, அவள் கண் முன்னாலேயே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் வரிசையில் வருவார்கள். அவர்கள் கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு அப்பம் இல்லை. நெற்றியில் கட்டைவிரலால் ஒரு சிலுவை. ஆணும் பெண்ணும் கலந்து, வருகைப் பதிவில் உள்ள வரிசைப்படி நிற்பார்கள். தேர்வு அறையிலும் அதே வரிசைதான். யாருக்கு முன்னால் யார் என்பது படித்து முடிக்கும்வரை மாறாது.

மகள் வந்தாள். கண்ணைத் தாழ்த்தியிருந்தாள். வலது கைமேல் இடது கை.

"கிறிஸ்துவின் திருவுடல்."

பதில் வரக் கொஞ்சம் நேரமானது.

"ஆமென்."

உள்ளங்கையில் அப்பத்தை வைத்தாள். கை மூடிக்கொண்டது. மகள் ஓரடி தள்ளினாள். ஆனால் நிற்கவில்லை. நடந்தாள். மூடிய கை சீருடைப் பாவாடையின் மடிப்போடு ஒட்டித் தொங்கிக்கொண்டு போனது.

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அடுத்தவன் வந்து நின்றுவிட்டான். சுருட்டை. தலைமுடியால் வந்த பெயர். ஆசிரியர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். கைகளைக் குறுக்காகக் கட்டியிருந்தான். அவள் கட்டைவிரல் அவன் நெற்றிக்குப் போனது. அவன் அவளைப் பார்க்கவில்லை. முன்னால் போகிறவளின் கையைப் பார்த்தான். பிறகு கிண்ணத்தோடு நின்றவளைப் பார்த்தான்.

யாராவது வாயில் போடாமல் நகர்ந்தால், கிண்ணத்தோடு பின்னாலேயே போய் நிறுத்த வேண்டும். புதிதாக நன்மை கொடுக்க வருகிற ஆசிரியர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். அவள் போகவில்லை. வரிசை நிற்கிறதே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். கடைசிப் பாட்டு முடியும்வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போனார்கள். மகளைப் போய்ப் பிடிக்கலாம் என்று அவள் படியிறங்கும்போதே ஃபாதர் கூப்பிட்டு அனுப்பிவிட்டார்.

பிரின்சிபல் அறையில் பி.டி. மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். பூசையில் வரிசையைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. தூணோரம் நிற்பார். விளையாட்டுத் திடலில் நிற்பது போலவே காலை அகட்டி நிற்பார்.

"ஒருத்தன் நன்மையை வாயில போடலை ஃபாதர். கையை மூடிக்கிட்டே போனான். பாக்கெட்டுல கை போனதை என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"யாரு?"

"சுருட்டை."

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அவன் நன்மை வாங்குற பையனே இல்லையே மாஸ்டர்."

"அதத்தான் சொல்றேன். வாங்கக் கூடாதவன் வாங்கியிருக்கான். வீடியோ எடுத்துப் போடுவானுங்க ஃபாதர். இப்ப இதெல்லாம் அவனுங்களுக்குத் தமாஷ்."

"எந்த வரிசை?"

"மிஸ்ஸோட வரிசை."

ஃபாதர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க பார்த்தீங்களா மிஸ்?"

இரண்டு வார்த்தை போதும். என் மகள். சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் இன்னொரு கேள்வி நின்றது: பார்த்துவிட்டு ஏன் போகவிட்டீர்கள்?

"கவனிக்கலை ஃபாதர்."

"சுருட்டைக்குக் குடுத்தீங்களா?"

"கையை நீட்டுறாங்க, குடுக்கிறோம். ஒவ்வொரு முகமா பார்க்க முடியறதில்லை."

"முகத்தைப் பார்த்துத்தானே மிஸ் குடுக்கணும்." அவர் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அதுதான் சுட்டது.

ஃபாதர் ஜன்னல் பக்கம் போனார். சிற்றாலயத்தின் திறந்த கதவு அங்கிருந்து தெரிந்தது. உள்ளே, சிற்றாலயத்தைப் பார்த்துக்கொள்கிற சிஸ்டர் மண்டியிட்டு, பெஞ்சுகளுக்கு அடியில் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். ஒரு துகள் கிடந்தாலும் துணியில் ஒட்டட்டும் என்று.

"எனக்கு யாரையும் புடிக்கணும்னு இல்ல," என்றார். "அது எங்கேயோ ஒரு பாக்கெட்டுக்குள்ள கிடக்கு. அது திரும்பி வரணும். அவ்வளவுதான்."

"வேணும்னு செஞ்சிருந்தா?" என்றார் மாஸ்டர்.

"வேணும்னு செஞ்சிருந்தா அவன் இங்க படிக்க முடியாது. அதுல எனக்கு வேற வழி இல்ல."

"ஏற்கெனவே கடைசி எச்சரிக்கையில இருக்கிறவன்தானே ஃபாதர். மிஸ்ஸே குடுத்தது."

அது உண்மை. மாதிரித் தேர்வில் கணக்குத் தாளைத் திருத்தும்போது அவள்தான் கண்டுபிடித்தாள். கடைசிக் கணக்கில் சுருட்டை ஒரு கோணலான வழியில் போய், நடுவில் ஒரு படியை விட்டுவிட்டு, தப்பான விடைக்கு வந்திருந்தான். மகளும் அதே கோணலில் போய், அதே படியை விட்டு, அதே தப்பான விடைக்கு வந்திருந்தாள். மகள் முன் பெஞ்சு. அவன் அவளுக்குப் பின் பெஞ்சு. நான் பார்க்கலை மிஸ் என்று அவன் எவ்வளவோ சொன்னான். "முன்னாடி உக்கார்ந்திருக்கிறவளுக்கு முதுகிலயா கண்ணு இருக்கு?" என்று அவள்தான் கேட்டாள். மகளின் தாள் என்பதால் வேறொருவரைத் தீர்ப்புச் சொல்லச் சொல்லியிருக்கலாம். அவளே சொன்னாள். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிற தனி வகுப்பிலிருந்து அவனை எடுத்தார்கள். இன்னொரு தப்பு என்றால் டி.சி.

கடைசி ஆண்டு, அதுவும் பாதியில். டி.சி.யோடு போனால் எந்தப் பள்ளியும் சேர்க்காது. நுழைவுத் தேர்வும் போச்சு.

சுருட்டை உள்ளே வந்தான். வந்தவுடனேயே மாஸ்டரைப் பார்த்துப் புரிந்துகொண்டான்.

"பாக்கெட்டுல இருக்கிறதை எல்லாம் எடுத்து வை," என்றார் மாஸ்டர்.

பஸ் பாஸ், ரப்பர் பேண்டு, உறையோடு பாதி மிட்டாய், ஒரு சட்டைப் பொத்தான். மாஸ்டர் மிட்டாய் உறையைப் பிரித்து மோந்து பார்த்தார்.

"புதினா சார். வேணும்னா எடுத்துக்குங்க."

"வாயை மூடு. பூசையில பாக்கெட்டுல கையை விட்டியா இல்லையா?"

"விட்டேன் சார்."

"எதுக்கு?"

"பேன்ட்டு ஹூக்கு புடுங்கிக்கிச்சு. உள்ளேர்ந்து புடிச்சுக்கிட்டே நடந்தேன். விட்டிருந்தா பீடத்துக்கு முன்னாடியே அவுந்து விழுந்திருக்கும். அதுக்கும் என்னத்தான் கேட்டிருப்பீங்க."

சட்டையைத் தூக்கிக் காட்டினான். பேன்ட் இடுப்பில் ஹூக்கு இருந்த இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது.

"இது இப்ப குத்தினது," என்றார் மாஸ்டர்.

"ஆமா சார். இப்பதான் ஒரு பொண்ணுகிட்ட கேட்டு வாங்கினேன். அப்பவே இருந்திருந்தா கையால எதுக்குப் புடிக்கிறேன்?"

ஃபாதரின் உதட்டோரம் லேசாக அசைந்தது. உடனே நின்றது. "தம்பி, விளையாட்டுக்கு எடுத்திருந்தாலும் சொல்லிடு. எங்க வெச்சிருக்கேன்னு மட்டும் சொல்லு."

"நான் எடுக்கலை ஃபாதர்." பேச்சில் இருந்த துடுக்கு போய்விட்டது. அவன் அவள் பக்கம் திரும்பினான். "மிஸ், நீங்களே சொல்லுங்க. நான் கையைக் கட்டிக்கிட்டுத்தான் வந்தேன். நெத்தியில சிலுவை போட்டீங்க."

கட்டைவிரலில் அந்த நெற்றியின் வேர்வை இன்னும் இருப்பது போல இருந்தது. ஆமாம் என்றால் அவன் தப்பித்துவிடுவான். உடனே அடுத்த கேள்வி: அப்படியானால் மூடிய கை யாருடையது? முகமே பார்க்கவில்லை என்று கொஞ்சம் முன்னால்தான் சொல்லியிருந்தாள். திருடனுக்குத் தேள் கொட்டியது போல நின்றாள்.

"நிறைய பேர் வந்தாங்க. ஞாபகம் இல்ல."

சுருட்டை அவளையே பார்த்தான். "சரி மிஸ்," என்றான்.

"உனக்கு முன்னாடி போனது யாரு?" என்று ஃபாதர் அவனைக் கேட்டார்.

அவள் பையனின் வாயைப் பார்த்தாள்.

"தெரியலை ஃபாதர். பேன்ட்டைப் புடிக்கிற அவசரத்துல யாரைப் பார்த்தேன்."

"இதுல தெரியறதுக்கு என்ன இருக்கு," என்றார் மாஸ்டர். "நம்ம மிஸ் பொண்ணுதான் இவனுக்கு முன்னாடி. எப்பவும் அதுதானே. அது பத்தரை மாத்துத் தங்கம் ஃபாதர். அதைக் கேட்டா இவன் என்ன பண்ணான்னு புட்டுப் புட்டு வெச்சிடும்."

ஃபாதர் தலையசைத்தார். "நீங்களே கேட்டுட்டு வாங்க மிஸ். நான் இவங்க அப்பாவை வரச் சொல்றேன்."

சுருட்டை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அவனைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டியிருந்தது.

மகள் வேதியியல் ஆய்வகத்தில் இருந்தாள். அவள் வாசலில் நின்று மகளின் பெயரைச் சொன்னாள். கையில் சோதனைக் குழாயோடு மகள் திரும்பினாள். பக்கத்திலிருந்த பெண், "போ போ, ஸ்கேல் கூப்பிடுது," என்று முணுமுணுத்தது காதில் விழுந்தது.

"பையை எடுத்துக்கிட்டு வா."

வினாத்தாள்கள் வைக்கிற அறைக்குக் கூட்டிப் போனாள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. சாவி அவளிடம் மட்டும்தான். இரும்பு அலமாரிகள், அரக்கு வாசனை, ஒரே ஒரு ஸ்டூல். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள்.

"எங்க?"

"எது மிஸ்?"

"கதவு சாத்தியிருக்கு. அம்மான்னே கூப்பிடு."

"எது அம்மா?"

"எங்கிட்ட வாங்கிக் கட்டிக்காத."

மகள் பையிலிருந்து ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துத் திறந்தாள். காம்பஸையும் செட்ஸ்கொயர்களையும் வெளியே எடுத்து வைத்திருந்தாள் போல; உள்ளே மடித்த கைக்குட்டை மட்டும்தான். அதை அலமாரிமேல் வைத்து, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தாள். அப்பம் இரண்டாக விண்டிருந்தது. ஓரத்தில் பென்சில் கரி.

"ஏண்டி?"

மகள் கைக்குட்டையின் ஓரத்தை நீவினாள்.

"நம்பிக்கை போயிடுச்சா? போச்சுன்னா போச்சுன்னு சொல்லு. கையைக் கட்டிக்கிட்டு வந்திருக்கலாமே. நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"நம்பிக்கை போயிருந்தா அங்கயே முழுங்கிட்டுப் போயிருப்பேனே. வெறும் மாவுதானேன்னு." மகள் அப்பத்தைப் பார்த்தாள். "நம்பறதாலதான் முழுங்க முடியலை. மன்னிப்புக் கேட்காத சாவான பாவத்தோட நன்மை வாங்கக் கூடாதுன்னு, சின்ன வயசுல நான் முதல் தடவை புது நன்மை எடுத்தப்ப நீதானே சொல்லிக்குடுத்த."

"யாரு அந்தப் பையன்?"

"பையன்தான். ஆனா நீ நினைக்கிறது இல்ல."

"பின்ன?"

"கணக்குப் பரீட்சை." மகள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். "அவன் என்னைப் பார்த்து எழுதலை. நான்தான் அவனைப் பார்த்து எழுதினேன்."

"எப்படி? நீ முன்னாடி, அவன் பின்னாடி. உனக்கு முதுகிலயா..." பாதியில் நிறுத்தினாள்.

"பேப்பரை எப்படி வாங்குவீங்க? பின் பெஞ்சிலேர்ந்து முன் பெஞ்சுக்குக் கைமாத்தித்தானே வாங்குவீங்க. அவன் பேப்பர் என் கைக்கு வந்தது. மேல கடைசிக் கணக்கு. எனக்கு அது வரவே இல்லை. மேற்பார்வைக்கு வந்த சார் அடுத்த வரிசையில வாங்கிக்கிட்டிருந்தாரு. படபடன்னு எழுதிட்டேன். தப்பா இருக்கும்னு எனக்கு என்ன தெரியும்? அவன் கணக்குல புலி."

எத்தனையோ ஆண்டுகள் அவளும் விடைத்தாள்களை அப்படித்தான் வாங்கியிருக்கிறாள். பின்னாலிருந்து முன்னால். ஒரு தடவைகூட அதை யோசித்ததில்லை.

"அன்னைக்கே ஏன் சொல்லலை?"

"அன்னைக்கு நீ என்னைக் கேட்கவே இல்லையே. அவனைத்தான் கேட்ட."

"பாவசங்கீர்த்தனமாவது பண்ணியிருக்கலாம்."

"யார்கிட்ட? பாவத்தை மன்னிக்கிறவரு பிரின்சிபல். தண்டனை குடுக்கிறவ நீ. பாவசங்கீர்த்தனப் பெட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் குரலைக் கேட்டதுமே வைஸ் மிஸ் பொண்ணுன்னு தெரிஞ்சிடும்."

"சரி. இன்னைக்கு வரிசையிலயாவது கையைக் கட்டியிருக்கலாம்."

"கட்டிக்கிட்டு உன் முன்னாடி வந்து நிக்கணுமா? வீட்டுக்குப் போற வரைக்கும் ஏன் ஏன்னு கேட்டே கொன்னிருப்ப." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கையை நீட்டினேன். கடைசி நிமிஷத்துல வாய்க்குக் கொண்டுபோக முடியலை. நீ கூப்பிடுவேன்னு நினைச்சேன். கூப்பிடவே இல்லை. கூப்பிட்டிருந்தா அங்கயே அழுதிருப்பேன். நீ பார்த்த. எனக்குத் தெரியும்."

வெளியே காலடிச் சத்தம். கதவை யாரோ தட்டினார்கள்.

"மிஸ்," மாஸ்டரின் குரல். "பையனோட அப்பா வந்துட்டாரு. டி.சி. எழுத கிளார்க்கையும் ஃபாதர் வரச் சொல்லிட்டாரு. பொண்ணு என்ன சொல்லுது? பார்த்துச்சாமா?"

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வந்து சொல்றேன் மாஸ்டர்."

காலடி தயங்கிவிட்டுப் போனது.

யோசிக்க நேரமில்லை. ஆனால் மனம் மடமடவென்று வேலை செய்தது. அவள் மனம் அப்படிப்பட்டது, எந்தக் கணக்குக்கும் ஒரு வழி கண்டுபிடிக்கும். சிற்றாலயம் திறந்துதான் இருந்தது. பெஞ்சுக்கு அடியில் கிடந்தது, நான்தான் பார்த்தேன் என்று எடுத்துப் போய்க் கொடுக்கலாம். யார் கையிலிருந்தோ தவறி விழுந்திருக்கிறது. சுருட்டைமேல் பழி இல்லை. டி.சி. இல்லை. மகளை யாரும் ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். அவளையும்தான்.

அதைச் சொன்னாள். குரலைத் தாழ்த்தி, வேகமாக.

மகள் கேட்டுக்கொண்டிருந்தாள். "பரீட்சை?" என்றாள்.

"அதை அப்புறம் பார்த்துக்கலாம்."

"அவன் தனி வகுப்புக்கு வெளியிலயே உட்கார்ந்திருக்கட்டுமா?"

"அப்புறம்னு சொன்னேன்ல."

"சிஸ்டர் தரையைத் துடைச்சு முடிச்சிருப்பாங்க அம்மா. அவங்க துடைச்ச இடத்துல இருந்துதுன்னா, அவங்கதான் சரியா பார்க்கலைன்னு ஆகும். இன்னொரு ஆள்மேல பழி."

அவள் அலமாரிமேல் இருந்த கைக்குட்டையைப் பார்த்தாள்.

"சரி," என்றாள் கடைசியில். "அப்படின்னா இது இங்கயே முடியட்டும்." அப்பத்தை இப்படி வைத்திருக்கக் கூடாது. யாராவது உட்கொள்ள வேண்டும், முறையும் அதுதான். உட்கொண்டுவிட்டால் கொடுக்க எதுவும் இருக்காது, காட்டவும் எதுவும் இருக்காது. கைக்குட்டையைத் தூக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். சிலுவை போட்டுக்கொண்டாள். ஒரு துண்டை விரலில் எடுத்தாள்.

உதடு வரைக்கும் போனது.

கை அங்கேயே நின்றது. மகள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள்.

"என்னம்மா?"

கவனிக்கலை ஃபாதர். ஞாபகம் இல்ல. சரி மிஸ். அந்த மூன்றும் வாய்க்குள் இருந்தன. அவற்றுக்கு நடுவில் இதை எங்கே வைப்பது?

துண்டைக் கைக்குட்டையில் திரும்ப வைத்தாள்.

"நீ என்ன பண்ண?" என்றாள் மகள். மெதுவாகக் கேட்டாள், சின்னப் பிள்ளையிடம் கேட்பது போல.

"பொய் சொன்னேன். ரெண்டு தடவை. அந்தப் பையன் என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டான். அவன் நெத்தியில சிலுவை போட்டதை ஞாபகம் இல்லைன்னுட்டேன்."

"அது நான்தான்னு அவனுக்குத் தெரியும். பின்னாடியே வந்தானே. சொல்லலையா?"

"சொல்லலை."

மகள் தலை குனிந்தாள். பிறகு கைக்குட்டையைப் பழைய மடிப்பிலேயே மடித்து, பெட்டிக்குள் வைத்து மூடினாள். அம்மா தாழ்ப்பாளைத் திறந்தாள்.

தாழ்வாரத்தில் வகுப்பு மாறுகிற நேரம். பிள்ளைகள் ஒதுங்கி வழிவிட்டார்கள். "குட் மார்னிங் மிஸ்." "குட் மார்னிங் மிஸ்." அவள் நிற்காமல் நடந்தாள். மகள் பெட்டியை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே வந்தாள். பாதி வழியில், "நீதான் முதல்ல சொல்லணும்," என்றாள். இன்னும் கொஞ்சம் தூரம் போனபின், "வேணாம், நானே சொல்றேன்," என்றாள்.

பிரின்சிபல் அறையில் கூட்டம் கூடியிருந்தது. கிளார்க் கையில் காகிதத்தோடு கதவோரம். மாஸ்டர் காலை அகட்டிக்கொண்டு. சுருட்டை சுவரோரம். அவன் பக்கத்தில் அவன் அப்பா. லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். பக்கத்துத் தெருவில் வேலைக்கு நடுவிலிருந்து வந்திருந்தார். கையில் கிரீஸ், தோளில் கருவிப் பை. நாற்காலி அழுக்காகிவிடும் என்றோ என்னவோ உட்காரவில்லை.

"என் பையன் வாய் பேசுவான் சாமி," என்று சொல்லிக்கொண்டிருந்தார். "அதை நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா எடுத்துட்டு எடுக்கலைன்னு சொல்ற பிள்ளை இல்ல."

"எல்லா அப்பாவும் இதைத்தான் சொல்வாங்க," என்றார் மாஸ்டர். அவளைப் பார்த்ததும், "இதோ மிஸ் வந்துட்டாங்க. சாட்சியும் வந்தாச்சு."

அவள் மகளின் கையிலிருந்த பெட்டியை வாங்கினாள். மேசைமேல் வைத்துத் திறந்தாள். கைக்குட்டையைப் பிரித்தாள்.

ஃபாதர் எழுந்து நின்றார்.

"இவன்கிட்ட இல்ல ஃபாதர். என் பொண்ணுகிட்ட இருந்துது. நான்தான் குடுத்தேன். அவ கையை மூடினதைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் பார்க்கலைன்னு சொன்னேன். இவன் கையைக் கட்டிக்கிட்டுத்தான் வந்தான். நெத்தியில சிலுவை போட்டேன்."

மாஸ்டரின் கால்கள் தாமாகவே சேர்ந்தன. கிளார்க் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார், பிறகு அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"இன்னும் இருக்கு ஃபாதர்," என்றாள் மகள். "கணக்குப் பரீட்சையில..."

ஃபாதர் கையை உயர்த்தினார். "இரு."

அவர் மேசையைச் சுற்றி வந்தார். மண்டியிட்டார். எழுந்தார். இரண்டு துண்டுகளையும் எடுத்து, பென்சில் கரியோடு, வாயில் போட்டுக்கொண்டார். விரலை நனைத்துக் கைக்குட்டையிலிருந்த துகள்களை ஒற்றி எடுத்தார். பெட்டியின் அடியையும் ஒற்றினார். கண்ணாடித் தம்ளரிலிருந்த தண்ணீரைக் கொஞ்சம் அந்தப் பெட்டியிலேயே ஊற்றி, சுழற்றி, அதையும் குடித்தார். சுருட்டையின் அப்பா எதற்கென்று தெரியாமலே தோள் பையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஃபாதர் வாயைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"இப்ப சொல்லு. ஆனா ஒண்ணு. யார்கிட்ட சொல்றேன்னு முதல்ல சொல்லு. சாமியார்கிட்ட சொல்றதா இருந்தா மத்தவங்களை வெளியே அனுப்பிடறேன். நீ சொல்றது என்னோட செத்துப்போயிடும். உங்க அம்மாவுக்குக்கூடச் சொல்லமாட்டேன், அதை வெச்சு ஒரு நடவடிக்கையும் எடுக்கமாட்டேன். பிரின்சிபல்கிட்ட சொல்றதா இருந்தா, எடுத்தாகணும்."

மகள் அம்மாவைப் பார்த்தாள்.

சாமியார்கிட்ட என்று சொல். அம்மாவின் உள்ளே ஒரு குரல் அவளைக் கேட்காமலே சொன்னது. இப்போதும் ஒரு வழி திறந்துதான் இருந்தது. அதுவும் நேர்மையான வழி, பாவம் இல்லாத வழி. மகள் தப்பிப்பாள். தனி வகுப்பு, நுழைவுத் தேர்வு, எல்லாம் அப்படியே இருக்கும். சுருட்டையும் பள்ளியில் இருப்பான். காப்பியடித்தவனாக இருப்பான், அவ்வளவுதான்.

அவள் ஆமென்றும் தலையசைக்கவில்லை, வேண்டாமென்றும் தலையசைக்கவில்லை. அதற்கே முழுப் பலமும் வேண்டியிருந்தது.

"பிரின்சிபல்கிட்ட," என்றாள் மகள். "எல்லாரும் இருக்கட்டும். அவங்க அப்பாவும் இருக்கட்டும்."

"யோசிச்சுத்தான் சொல்றியா?"

"யோசிச்சா மாத்திடுவேன் ஃபாதர். இப்பவே சொல்லிடறேன்."

சுருட்டை சுவரிலிருந்து முதுகை எடுத்தான். "ஏய், விடு," என்றான் அடிக்குரலில்.

"நீ சும்மா இரு," என்றாள் மகள்.

ஃபாதர் தன் முன்னாலிருந்த நாற்காலியை லிஃப்ட் மெக்கானிக் பக்கம் தள்ளினார். "உட்காருங்க. இது உங்க பையன் விஷயம்."

அவர் உள்ளங்கைகளைப் பேன்ட்டில் துடைத்தார். நாற்காலியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், உட்கார்ந்தார்.

மகள் ஆரம்பித்தாள்.